மெசின் பிடிக்கும் கைகளுக்கு: வன்னியில் கட்டட வேலைக்குப் புதிதாக வருவோருக்கான வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் பாடசாலைப் படிப்பை முடித்துவிட்டு நாட்கூலி தேடும் இளைஞருக்குச் சுலபமாகக் கிடைக்கும் வேலைகளில் ஒன்று கட்டட வேலை. தொடக்கத்தில் அவர் மேசனுக்குக் கையாளாக மண்வெட்டியும் வாளியும் தூக்குவார். சில நாட்களிலேயே, "தம்பி, இந்தக் கம்பியை ஒருக்கா வெட்டிவிடு" என்ற சொல்லோடு இரும்பு வெட்டவும் தேய்க்கவும் பாவிக்கும் கை மெசினான கிரைண்டர் அவருடைய கைக்கு வந்துவிடும். அதை எப்படிப் பிடிப்பது, எந்த டிஸ்க்கை அதில் மாட்டக்கூடாது, வெட்டும்போது இறுகிக்கொண்டால் என்ன செய்வது என்று எவரும் இருத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. பார்த்துப் பழகு என்பதே தொழிலின் வழக்கம். பார்த்துப் பழகும்போது மேசனுடைய கைத்திறனோடு அவருடைய ஆபத்தான பழக்கங்களும் சேர்ந்தே பழகிவிடுகின்றன என்பதால், மின்கருவியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

ஒரு விடயத்தை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கிரைண்டரிலும் அரிமெசினிலும் வெட்டுப்படுவது பெரும்பாலும் மெசினைப் பிடித்த கையல்ல. கம்பியை, பலகையை, ரைல்ஸைப் பிடித்துக்கொண்டிருந்த மற்றக் கைதான். ஆகவே இரண்டு கைகளும் மெசினில் இருக்க வேண்டும். வெட்டப்படும் பொருளை வைஸோ, கிளாம்ப்போ, கட்டையில் அடித்த ஆணியோ பிடித்துக்கொள்ள வேண்டும். மிதித்துப் பிடிப்பதும், உதவியாளரைக் கொண்டு பிடிப்பிப்பதும் இதற்கு மாற்றாகா. இனி வரும் அறிவுரைகளிற் பெரும்பாலானவை இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கின்றன.

வேலை தொடங்குமுன்

மோதிரம், கைக்கடிகாரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். சுழலும் பாகத்தில் மோதிரம் மாட்டினால் விரலின் தோலும் சதையும் உறைபோல உரிந்து வந்துவிடும். அத்தகைய காயத்தைச் சரிசெய்வது நேரான வெட்டைச் சரிசெய்வதைவிடக் கடினம். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ ஊர்க்கோயில் நேர்த்திக்கோ மணிக்கட்டில் கட்டிய நூலை அறுக்க மனம் வராது என்பது தெரிந்ததே. அதை முழங்கைக்கு மேலே ஏற்றி இறுக்கிக் கட்டி, சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்ளலாம். சாரத்தோடு மெசின் பிடிக்க வேண்டாம், காற்சட்டை அணியுங்கள். சோழகக் காற்று வீசும் மாதங்களில் சாரத்தின் தலைப்பு எந்தப் பக்கம் பறக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

கையுறை பற்றிப் பலருக்குக் குழப்பம் உண்டு. கையுறை எல்லா வேலைக்கும் பாதுகாப்பு அல்ல. கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளைப் பின்னல் கையுறையின் ஒரு நூல் டிறில் முனையில் சிக்கினால், அது கையுறையோடு விரலையும் சுற்றி இழுத்துவிடும். மேசை அரிமெசின், நிலையாகப் பொருத்திய டிறில், கொங்கிறீற் கலக்கும் மெசின் ஆகியவற்றுக்குக் கிட்டப் போகும்போது கையுறை அணியாதீர்கள். கிரைண்டருக்குக் கைக்குப் பொருத்தமான, தொங்கும் விளிம்பில்லாத தோல் கையுறை நல்லது. கம்பி தூக்கவும், தகரம் பிடிக்கவும், சீமெந்து கலவையைத் தொடவும் கையுறை கட்டாயம் வேண்டும்.

அடுத்ததாக மின்சாரம். நமது மின் இணைப்பு 230 வோல்ற். ட்ரிப் சுவிச் (மின் கசிந்தால் தானாகவே கரண்டைத் துண்டிப்பது) இல்லாத இடத்திலிருந்து வயர் இழுத்து வேலை செய்யாதீர்கள். புதிதாகக் கட்டும் வளவுகளில் அயல் வீட்டிலிருந்து வயர் இழுக்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தோல் கிழிந்த வயருக்கு ரேப் சுற்றுவது போதாது, அதை மாற்றுங்கள். மாரி காலத்தில் வயரின் பொருத்துகள் ஈரத்தில் கிடக்காதபடி உயர்த்திக் கட்டுங்கள். இன்னொன்று கைக்காயத்தோடு நேரடித் தொடர்புடையது: வேலை நடுவே கரண்ட் போனால் பலர் மெசினை அப்படியே கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். தள்ளிப் பூட்டும் சுவிச் உள்ள கிரைண்டர், கரண்ட் திரும்பி வந்ததும் தானாகவே சுழலத் தொடங்கும். கரண்ட் போன கணமே சுவிச்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்றுங்கள்.

கிரைண்டர்

கட்டட வேலையிலே கைகளை அதிகம் பதம்பார்ப்பது இந்தச் சிறிய மெசின் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிஸ்க் மாற்றும்போது பிளக் கழற்றப்பட்டு, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கிடக்க வேண்டும். சுவிச்சை நிறுத்தினாற் போதும் என்று நினைத்து மாற்றும்போது, பெருவிரல் தவறுதலாகச் சுவிச்சில் படுவது சாதாரணமாக நடக்கக்கூடியது. புதிய டிஸ்க்கை மாட்டுமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: உடைந்த இடம், வெடிப்பு, வளைவு, ஈரம் ஊறிய தடம் ஏதாவது இருந்தால் அதை இரண்டாக முறித்து எறியுங்கள், முறிக்காமல் ஓரமாக வைத்தால் பின்னர் எவரோ எடுத்து மாட்டுவார். இரும்பு வெட்டும் மெல்லிய டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். அது காலாவதித் திகதி. உற்பத்தியிலிருந்து 3 ஆண்டுகளைக் கணக்கிட்டு இடப்படுவது. டிஸ்க்கைப் பிணைத்துவைத்திருக்கும் பிசின் காலத்தோடும் ஈரத்தோடும் பலம் இழக்கும். விற்பனையாகாமல் ஆண்டுக்கணக்கில் கடைத்தட்டில் கிடந்த டிஸ்க்கும் புதிதைப் போலவே தோன்றும். திகதி மட்டுமே உண்மையைச் சொல்லும்.

டிஸ்க்கில் இன்னொரு எண்ணும் உண்டு: ஒரு நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை சுற்று என்பது. மெசினின் தகட்டில் உள்ள சுற்று எண்ணைவிட டிஸ்க்கின் எண் கூடியதாக இருக்க வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விடுவதிலிருந்தே மிக மோசமான விபத்துகள் நேர்கின்றன. 5 அங்குல மெசினுக்கும் 9 அங்குல மெசினுக்கும் டிஸ்க்கின் நடுத்துளை ஒரே அளவு, 22.23 மில்லிமீற்றர். எனவே சிறிய மெசினின் காப்புத் தகட்டை, அதாவது நாம் 'காட்' என்று சொல்வதை, கழற்றிவிட்டால் 9 அங்குல டிஸ்க் அதில் தாராளமாக ஏறிவிடும். ஏறிவிடுகிறது என்பதற்காக அது தாங்கும் என்று பொருளல்ல. 9 அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,600 சுற்றுக்கு மேல் தாங்காது. சிறிய மெசினோ 11,000 சுற்றுச் சுற்றும். டிஸ்க்கின் விளிம்பு விநாடிக்கு 80 மீற்றர், அதாவது மணிக்கு 288 கிலோமீற்றர் என்ற எல்லைக்குள் ஓடும்படி செய்யப்பட்டது. இப்படி மாட்டும்போது அது விநாடிக்கு 130 மீற்றரைத் தாண்டி ஓடுகிறது. வெடித்தால் துண்டுகளைத் தடுத்திருக்க வேண்டிய காட் பெட்டிக்குள் கிடக்கும்.

மரம் அரியும் பல் உள்ள தட்டை கிரைண்டரில் மாட்டுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். வேலை வேகமாக முடிகிறது என்பதற்காக நிலையும் கதவும் செதுக்குபவர்கள் இதைச் செய்கிறார்கள். அந்தப் பல் முடிச்சிலோ ஆணியிலோ பட்டால் மெசின் கையை மீறித் துள்ளும். காட் இல்லாத நிலையில் அது போய் நிற்கும் இடம் தொடை, மணிக்கட்டு அல்லது கழுத்து. உங்களுக்கு மூத்தவர் எவ்வளவு திறமையாக அதைக் கையாண்டாலும் நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

மாட்டிய பின் பக்கக் கைப்பிடியைப் பொருத்துங்கள். காட், டிஸ்க்குக்கும் உங்களுக்கும் நடுவே வரும்படி திருப்பி இறுக்குங்கள். மெசினை நிலத்துப் பக்கமாக, ஆளில்லாத திசையில் பிடித்து ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள்; அதிர்வோ வித்தியாசமான சத்தமோ இருந்தால் நிறுத்துங்கள். வெட்டும்போது டிஸ்க் சுழலும் தளத்துக்கு நேரே முகமும் உடலும் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். கம்பி வெட்டுபவர்கள் செய்யும் வழக்கமான தவறு, கம்பியின் இரண்டு நுனியையும் கல்லில் வைத்து நடுவில் வெட்டுவது. வெட்டு ஆழமாகும்போது கம்பி நடுவிலே தாழ்ந்து, வெட்டு வாய் மூடி, டிஸ்க்கைக் கவ்விப்பிடித்துவிடும். கம்பியை ஒரு பக்கம் கட்டையோடு இறுக்கி, வெட்டி எடுக்க வேண்டிய துண்டு வெளியே தொங்கும்படி வைத்தால் வெட்டு வாய் தானாகத் திறந்துகொண்டே போகும். மெல்லிய வெட்டு டிஸ்க்கின் பக்கவாட்டால் தேய்க்க வேண்டாம். அதற்குத் தடித்த தேய்ப்பு டிஸ்க் வேறாக இருக்கிறது. சுவிச்சை நிறுத்திய பிறகும் டிஸ்க் சில விநாடிகள் சுழன்றுகொண்டே இருக்கும். அது நிற்கும்வரை இரண்டு கைகளையும் எடுக்காதீர்கள்.

அரிமெசின்

கையில் பிடித்து அரியும் வட்ட அரிமெசினுக்குக் கீழே ஸ்பிரிங்கில் திறந்து மூடும் காட் ஒன்று இருக்கிறது. அதைக் கம்பியால் கட்டியோ ஆப்பு வைத்தோ திறந்தபடி விட்டிருந்தால், அந்த மெசினைத் தொடுவதற்கு முன் அவிழ்த்துவிடுங்கள். அரியும் ஆழத்தைப் பலகையின் தடிப்பைவிடச் சில மில்லிமீற்றர் மட்டும் கூடுதலாக வையுங்கள். வன்னியில் பாவிக்கும் முதிரை, பாலை போன்ற மரங்கள் இறுக்கமானவை. பனங்கைமரத்தின் நார் பல்லைப் பிடித்து இழுக்கும். தள்ளி முடிக்க அவசரப்படாமல் மெசினுடைய வேகத்துக்கு விடுங்கள்.

நமது மண்ணுக்கு உரிய ஆபத்து ஒன்றும் இங்கே உண்டு. போர் நடந்த இடங்களில் நின்ற பனையிலும் வேம்பிலும் பாலையிலும் செல் துண்டுகளும் சன்னங்களும் புதைந்திருக்கின்றன. காயம் ஆறுவதுபோல மரம் அவற்றை மூடி வளர்ந்திருப்பதால் வெளியிலே ஒரு புடைப்போ கறுத்த தடமோ மட்டும் தெரியும். அரிபல் அதில் மோதினால் பல் உடைந்து தெறிக்கும், மெசின் உதைக்கும். அத்தகைய தடமுள்ள மரத்தை அரியுமுன் உலோகம் உண்டா என்று காந்தம் கொண்டோ உளி கொண்டோ சோதியுங்கள். அதுபோலப் பழைய கட்டடத்தின் சுவரை வெட்டும்போதும், அத்திவாரம் கிண்டும்போதும் இனம் தெரியாத இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் அதை வெட்டவோ தட்டவோ தூக்கவோ வேண்டாம். வேலையை நிறுத்தி, எல்லோரையும் விலகச் செய்து, 119 என்ற எண்ணில் பொலிசாருக்கு அறிவியுங்கள். பழைய இரும்புக்குக் கிடைக்கும் காசுக்காகக் கிரைண்டர் வைத்துக் கைகளையும் உயிரையும் இழந்தவர்கள் நமது ஊர்களில் இருக்கிறார்கள்.

அரிமெசினைத் தலைகீழாகப் பலகையில் பொருத்தி மேசை அரிமெசினாக்கிப் பாவிக்கும் இடங்களில், பலகையின் கடைசி ஓரடியைத் தள்ளுவதற்குக் கையைப் பயன்படுத்தாதீர்கள். நுனியில் பொள்ளி வெட்டிய தள்ளுகட்டை ஒன்றைச் செய்து மேசையிலேயே கட்டி வையுங்கள். பல்லுக்குப் பக்கத்தில் கிடக்கும் சிறு துண்டை விரலால் தட்டிவிடுகிற பழக்கம் பல விரல்களைக் கொண்டுபோயிருக்கிறது. மெசின் நின்ற பிறகே அதை எடுங்கள்.

டிறில், பிரேக்கர், கலக்கும் மெசின்

கொங்கிறீற்றைத் துளைக்கும்போது டிறில் முனை உள்ளே இருக்கும் கம்பியில் முட்டி இறுகினால், முனை நிற்க மெசின் சுழலும். அதைப் பிடித்த மணிக்கட்டு முறுகும். பக்கக் கைப்பிடி இதற்காகத்தான் தரப்பட்டிருக்கிறது. சுவிச் பூட்டைப் போட்டுத் துளைக்க வேண்டாம். தகரத் துண்டையோ சிறிய இரும்புப் பட்டத்தையோ கையில் பிடித்துத் துளைத்தால் அது முனையோடு சேர்ந்து சுழன்று விரல்களை வெட்டும். கொங்கிறீற் உடைக்கும் பிரேக்கரை நாள் முழுவதும் ஒருவரே பிடிக்காமல் மாறி மாறிப் பிடியுங்கள். விரல் நுனிகள் வெளிறி மரத்துப்போவது தொடர்ந்தால் அது நரம்பும் இரத்தக்குழாயும் பாதிக்கப்படுவதன் அறிகுறி. கொங்கிறீற் கலக்கும் மெசின் சுழலும்போது அதற்குள் கையையோ மண்வெட்டியையோ விடக்கூடாது. பெல்ற் மூடி இல்லாமல் அதை ஓட்டவும் கூடாது.

நிறுத்தச் சொல்வது எப்படி

புதியவருக்கு மிகக் கடினமான வேலை இதுதான். மூத்த மேசனிடம் "இது பிழை" என்று சொல்வது நமது வழக்கமல்ல, சொன்னாலும் எடுபடாது. ஆனால் "அண்ணை, ஒருக்கா நிப்பாட்டுங்கோ, நான் கிளாம்ப் போட்டுத் தாறன்" என்று சொன்னால் எவரும் கோபிப்பதில்லை. காட் இல்லாத மெசினைத் தந்தால், "காட் எங்க அண்ணை இருக்கு, நான் போட்டிட்டு வெட்டுறன்" என்று கேளுங்கள். மறுப்பாகச் சொல்லாமல் வேலையாகச் சொல்லுங்கள். பின்னேர வெயிலில் கை நடுங்கத் தொடங்கினால், கடைசிக் கம்பி என்று எண்ணாமல் தண்ணீர் குடித்து இளைப்பாறிய பின் வெட்டுங்கள். பயிற்சியோடு தொழிலைக் கற்க விரும்புவோருக்குக் கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. கருவியைச் சரியாகப் பிடிக்கக் கற்ற ஒருவர் ஒரு தளத்தில் இருந்தால் மற்றவர்களும் அவரைப் பார்த்துப் பழகுவார்கள்.

காயம் பட்டுவிட்டால்

பிளக்கைக் கழற்றுங்கள். காயப்பட்டவரை இருத்துங்கள் அல்லது கிடத்துங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். இரத்தம் நிற்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் அது நிற்காமல் இருப்பதற்குக் காரணம்; குறைந்தது 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். காயத்துக்கு மேலே கையை இறுக்கிக் கட்டுவது, அழுத்தியும் நிற்காமல் உயிருக்கு ஆபத்தாக இரத்தம் பாயும்போது மட்டும் செய்ய வேண்டியது. அப்படிக் கட்டினால் கயிற்றாலோ வயராலோ அல்லாமல் அகலமான துணியால் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காயப்பட்ட கையில் மோதிரம் இருந்தால் வீங்குமுன் உடனே கழற்றுங்கள்.

கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, புகையிலை எதையும் காயத்தில் போடாதீர்கள். வைத்தியர் அவற்றைச் சுரண்டிக் கழுவிய பின்பே நரம்பையும் தசைநாணையும் தேட முடியும். சீமெந்து பட்டிருந்தால், இரத்தம் பெரிதாக ஓடாதவிடத்து, ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். ஈரச் சீமெந்தின் காரம் சதையைத் தொடர்ந்து எரித்துக்கொண்டிருக்கும். குத்தி நிற்கும் ஆணியையோ டிஸ்க் துண்டையோ பிடுங்காமல் அசையாதபடி சுற்றிக் கட்டுங்கள்.

விரல் துண்டாகியிருந்தால் அதைத் தேடி எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான நீரால் ஒருமுறை அலசுங்கள். தேய்க்கவோ மருந்து ஊற்றவோ வேண்டாம். சேலைனிலோ சுத்தமான நீரிலோ நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, நீர் புகாமல் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள்ளோ வாளிக்குள்ளோ வையுங்கள். சந்திக் கடைகளில் பக்கற்றில் உறைய வைத்து விற்கும் ஐஸ் இதற்குப் போதும். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை உறைந்து செத்துவிடும். துண்டை நேரே தண்ணீரில் ஊறப்போட்டாலும் ஊதிப் பழுதாகும். இப்படிக் குளிர்ச்சியாக வைத்த விரல் ஏறத்தாழ 24 மணி நேரம் வரையும், குளிர்ச்சியின்றி விட்டால் ஏறத்தாழ 12 மணி நேரம் வரையும் தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு; மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் அந்த நேரம் பாதியோ அதற்கும் குறைவோ. நமது வெயிலில் இந்தக் கணக்கை நம்பித் தாமதிக்க வேண்டாம். முழுதாகத் துண்டாகாமல் தோலில் தொங்கினால் அதை வெட்டி எடுக்காதீர்கள்.

1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. ஒழுங்கையின் பெயரை மட்டும் சொல்லாமல் அருகிலுள்ள பாடசாலை, கோயில், சந்தி ஆகியவற்றைச் சொல்லி, ஒருவரைப் பிரதான வீதிக்கு அனுப்பி மறிக்கச் சொல்லுங்கள். முதலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு (மாஞ்சோலை), வவுனியா, மன்னார் என அருகிலுள்ள பொது வைத்தியசாலைக்குப் போக நேரலாம். தேவையானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அவர்களே மாற்றுவார்கள். போகும் வழியில் சாப்பாடு, தேநீர் கொடுக்காதீர்கள்; மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். சிகரெட்டும் புகையிலை போட்ட வெற்றிலையும் விரலுக்குப் போகும் இரத்தக்குழாயைச் சுருக்கும் என்பதால் அவையும் வேண்டாம்.

சிறிய வெட்டு என்று தோன்றினாலும் விரல் மடங்காவிட்டால், நிமிராவிட்டால், நுனி மரத்திருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். தோலில் அரை அங்குல வெட்டு, உள்ளே தசைநாண் முழுதாக அறுந்திருக்கலாம். பெயின்ற் அடிக்கும் அழுத்த மெசின் விரலில் ஊசிக் குத்துப்போல் ஒரு துளை இட்டால், நோவு இல்லாவிட்டாலும் அது அவசர நிலை. பெயின்ற் உள்ளே பரவிவிட்டது என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள். உடம்பில் பழைய செல் துண்டு இருப்பவர்கள் அது எங்கே இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும்: எக்ஸ்ரேயில் பழையதையும் புதியதையும் பிரித்தறிவதற்கும், எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் எச்சரிக்கையாக இருப்பதற்கும் அது அவசியம்.

பிறகு

தைத்த தசைநாண் பலம் பெறும்வரை பொதுவாக 6 வாரங்களுக்குத் தாங்கு பட்டை கட்டுவார்கள்; பாரமான வேலைக்குத் திரும்ப ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகும். இடையில் இயன்மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சியை நாளாந்தம் செய்யாவிட்டால் விரல் விறைத்துப்போகும். அவசரப்பட்டு வாளி தூக்கினால் தையல் அறுந்துவிடும். கிளினிக்குக்குப் போய்வரும் பஸ் செலவும் அன்றைய கூலி இழப்பும் பலரைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. தளத்தில் கூட வேலை செய்பவர்கள் காசு சேர்த்துக் கொடுப்பதென்றால், முதல் நாள் பழங்கள் வாங்கிக்கொண்டு போவதைவிட இந்த 12 வாரப் போக்குவரத்துக்குக் கொடுப்பது பயன் தரும்.

வைத்தியசாலையில் காயம் எப்படி வந்தது என்று கேட்கும்போது, வேலைத்தளத்தில், இன்ன மெசினால் என்று உள்ளபடியே சொல்லுங்கள். வீட்டில் பட்டது என்று சொல்லும்படி கொந்தராத்துக்காரர் கேட்டாலும் உடன்பட வேண்டாம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வேலையால் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு கோர வழி இருக்கிறது. அந்தக் கோரிக்கைக்கு முதல் ஆதாரம் நோயாளர் அட்டையில் எழுதப்படும் அந்த ஒரு வரிதான். அட்டையின் பிரதி, மெசினின் படம், சம்பளம் தந்ததற்கான ஏதாவது பதிவு, கூட நின்றவர்களின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துவைத்து, காயம் ஆறட்டும் என்று காத்திராமல் தொழில் திணைக்களத்தின் உங்கள் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். கை கட்டோடு இருப்பதால் எழுத முடியாதென்றால் வீட்டாரில் ஒருவரைக் கூட்டிச்செல்லலாம்.